ஈயம் என்று சொன்னேன்

செப்டம்பர் 19, திங்கள்

கிணற்று மோட்டாரின் காயில் மறுபடியும் புகைந்துவிட்டது. இந்த வருஷத்தில் மூன்றாவது தடவை. விடிந்ததிலிருந்து என் மனைவி வளர்மதி தெருக்குழாய்க்கும் வீட்டுக்குமாக நடந்ததில் எனக்குக் காபி கிடைக்கவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

வங்கியில் நல்ல கூட்டம். ஆவணி முகூர்த்தம் முடிந்த கையோடு, மணமேடையில் மின்னிய நகையெல்லாம் அடகுக்கு என் மேசைக்கு வந்துவிடும். உரைத்துப் பார்த்து, எடை போட்டு, சீட்டு எழுதிக்கொண்டே இருந்தேன்.

பதினொன்றரை இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வரிசையில் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து காசுகளை மேசைமேல் வைத்தார். பெயர் பாவாயி. நத்தக்காட்டுப்புதூர். அங்கே நூறு நாள் வேலையில் குளம் தூர் வாருகிறார்களாம். மண்வெட்டியில் மாட்டியதாம். ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது, தடிமன் அதிகம், ஓரம் கோணல்மாணல், கன்னங்கரேல் என்று இருந்தது.

"சாருங்க, இது என்னதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணும். வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்குள்ள ஒரே சண்டையா இருக்குதுங்க. நீங்க சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாங்க."

ஒன்றின் ஓரத்தை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். "ஈயமுங்க" என்றேன்.

"ஈயமுங்களா?"

"ஆமாங்க."

அந்த அம்மாவுக்கு ஏமாற்றமே இல்லை. சிரித்தார். "அப்பாடா, சண்டை தீந்துதுங்க" என்று சொல்லிக் காசுகளை அள்ளப் போனார். "இங்கயே இருக்கட்டும் விடுங்க, எதுக்கும் விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பின்னால் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 20, செவ்வாய்

வங்கியில் பதினேழு பேர். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இந்த மோட்டாருக்கு இனிமேல் காயில் கட்டுவது வீண், புதிதுதான் வாங்க வேண்டும் என்றான். பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 21, புதன்

திங்கட்கிழமை எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

ஈயத்தை உரைத்தால் பென்சிலால் கிறுக்கியது போலச் சாம்பல் கோடு விழும். அந்தக் காசு போட்ட கோடு வெள்ளை. பளிச்சென்ற வெள்ளை. இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்திரண்டு நொடி கூடத் தேவையில்லை.

இன்று குளிப்பதற்கு முன்னால் ஒரு காசைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தேன். கறுப்பு உரிய உரிய உள்ளே இருந்து ஒரு முகம் வந்தது. பக்கவாட்டு முகம். நீண்ட மூக்கு, இறுகிய வாய், தலையில் இலைக் கிரீடம். பின்பக்கம் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஏதோ கிளை. சுற்றிலும் ஆங்கில எழுத்து மாதிரி. பி, ஓ, என், டி, ஐ, எஃப் வரைக்கும் படிக்க முடிந்தது. வங்கித் தராசில் 3.6 கிராம்.

வளர்மதி பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "குடிக்கத் தண்ணியில்லாத வீட்டுல புளியக் கரைச்சு என்ன கழுவறீங்க?" என்றாள். உரைகல் என்றேன். உரைகல்லைப் புளியில் யாரும் கழுவமாட்டார்கள். அவளுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 24, சனி

நான்காம் சனி, வங்கி விடுமுறை. கோயம்புத்தூர் போனேன். வளர்மதியிடம் பல் டாக்டர் என்று சொன்னேன்.

டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் பழைய தபால்தலை, நாணயம் விற்கிற கடை. நடத்துகிறவர் பஷீர் பாய் என்று ஒரு பெரியவர். கண்ணில் லென்ஸை ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுற்றித் தடவினார். வார்த்த போலிக் காசாக இருந்தால் ஓரத்தில் ஒட்டு தட்டுமாம். தட்டவில்லை. பிறகு நான் கழுவிய காசை எடுத்தார். அவர் முகம் சுருங்கியது.

"இதை யாரு கழுவுனது?"

"நான்தான்."

"இதோட பாதி விலையைக் கழுவி ஊத்திட்டீங்களே! அந்தக் கறுப்புதானுங்க இதுக்கு வயசுச் சான்று. அதப் போயி புளி போட்டா தேய்ப்பாங்க?"

நான் நகை மதிப்பீட்டாளன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ரோமாபுரி வெள்ளிக் காசாம். டைபீரியஸ் என்ற ராஜாவின் முகமாம். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம். மிளகு வாங்கவும் பச்சைக்கல் வாங்கவும் கப்பலில் வந்து, நம் பக்கத்துப் பாதை வழியாகக் கைமாறி வந்ததாம். இரண்டு காசில் ராஜாவின் கன்னத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியது போல ஒரு கோடு இருக்கிறது. அதற்கு விலை குறையும் என்றார். மீதி இரண்டு சுத்தமானவை. அதிலும் ஒன்று அப்படியே அச்சிலிருந்து எடுத்தது போல இருந்தது. இருபத்தெட்டாயிரம் என்றார்.

"எங்க கெடச்சுதுன்னு நான் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. ஆனா மொத்தம் எத்தனை?"

"அஞ்சுதான்."

லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அஞ்சு காசை யாரும் பூமியில பொதைக்க மாட்டாங்க சார். பொதைச்சா பானையாத்தான் பொதைப்பாங்க."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் பல்லடம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

செப்டம்பர் 25, ஞாயிறு

புது மோட்டார் மாட்டியாயிற்று. மதியத்துக்குள் மேல்தொட்டி நிரம்பி வழிந்தது. "ஏனுங்க, பணத்துக்கு என்ன பண்ணுனீங்க?" என்றாள் வளர்மதி. சேர்த்து வைத்திருந்தது என்றேன். வாழைக்குத் தண்ணீர் விடும்போது அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி ரொம்ப நாளாகிறது.

செப்டம்பர் 26, திங்கள்

மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாவாயி அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். நான் எழுந்து லாக்கர் அறைக்குப் போய்விட்டேன். குமாஸ்தா மாசிலாமணியிடம் நான் லீவு என்று சொல்லச் சொன்னேன். அந்த அம்மா முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம்.

லாக்கர் அறையில் மின்விசிறி இல்லை. சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

அவரைப் பார்க்கக்கூடாது என்றில்லை. பார்த்தால் பானையைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும். கேட்டால், ஈயக் காசுப் பானைமேல் இவருக்கு எதற்கு அக்கறை என்று நினைப்பார். என்ன சொல்வது என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

செப்டம்பர் 30, வெள்ளி

நூலகத்தில் பழைய காசுகள் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்து மூன்று நாளாகப் படிக்கிறேன். சீட்டு எழுதும்போது இன்று இரண்டு தடவை தப்பு. மேனேஜர், "என்ன சென்னியப்பன் சார், உடம்பு சரியில்லையா?" என்றார்.

அந்த வெட்டுக்கோடு பற்றிப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. நம் நாட்டில் கிடைக்கிற ரோமக் காசுகளில்தான் அது அதிகமாம். உறுதியாக யாருக்கும் தெரியாது, ஆனால் உள்ளே செம்பா வெள்ளியா என்று பார்க்க இங்கே இருந்தவர்கள் வெட்டியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே வெயிலில் எவனோ ஒருத்தன் உட்கார்ந்து, உளியை வைத்துத் தட்டிப் பார்த்து, எதிரே நின்றவனிடம் "வெள்ளிதான்" என்று சொல்லியிருக்கிறான்.

இத்தனை வருஷமும் நான் தொட்டதெல்லாம் மற்றவர்கள் நகை. ஒன்றுகூட ஐந்து நிமிஷத்துக்கு மேல் என் கையில் இருந்ததில்லை. இந்தக் காசுகளை இப்போது சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறேன். யாரும் கேட்கவில்லை என்றால், யாருக்கும் தெரியாது என்றால், இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த அம்மாவே ஈயம் என்று கேட்டுச் சந்தோஷமாகத்தான் போனார்.

அக்டோபர் 2, ஞாயிறு

மளிகைக்குப் போய்விட்டு வந்தால், பாவாயி அம்மா வீட்டுக்கே வந்து போயிருக்கிறார். ஒரு கட்டு முருங்கைக்கீரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒரு மணி நேரமா வாசல்ல உக்காந்திருந்துச்சு அந்தம்மா. உங்ககிட்ட என்னமோ கேக்கோணுமாம். என்னன்னா சொல்ல மாட்டேங்குது. என்ன சமாச்சாரமுங்க?" என்றாள் வளர்மதி.

"நகைக்கடன் விஷயமா இருக்கும்."

"அது காதுல வேப்பங்குச்சியில்ல சொருகியிருக்குது. எந்த நகையை வெக்கப் போகுது?"

நான் குளிக்கப் போய்விட்டேன். மதியம் கீரைப் பொரியல். எனக்கு வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 4, செவ்வாய்

ஆயுத பூஜை. உரைகல்லுக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சட்டைப்பையில் இருப்பதை வைக்கவில்லை.

அக்டோபர் 12, புதன்

மழை.

அக்டோபர் 13, வியாழன்

மழை. வங்கியில் நான்கே பேர். நத்தக்காட்டுப்புதூர்க் குளத்துக்குத் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது என்று மாசிலாமணி சொன்னான். பதினோரு வருஷம் கழித்து வருகிறதாம்.

அக்டோபர் 15, சனி

மழை விடவில்லை. வங்கி முடிந்து வந்து ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "ஒரு எடத்துல உக்காருங்க, பாக்கற எனக்குத் தலை சுத்துது" என்றாள் வளர்மதி.

அக்டோபர் 17, திங்கள்

இன்று ஒளிய முடியவில்லை. நான் டீக்கடையில் நின்றிருந்தபோது பின்னாலிருந்து "சாருங்க" என்று குரல். பாவாயி அம்மா நனைந்துபோய் நின்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"ரெண்டு மூணு தடவை வந்தனுங்க. உங்களப் பாக்க முடியல. நீங்க செஞ்ச உபகாரத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னுதான்."

"என்ன உபகாரம்?"

"சண்டை தீந்துச்சுல்லீங்க! நான் தங்கத்த மறைச்சு வெச்சுட்டேன்னு ருக்குமணி என்னைய என்ன பேச்சுப் பேசுனா தெரியுங்களா? அந்த முட்டியக் கண்டெடுத்தவ நானுங்க. அதான் என்மேல சந்தேகம். பேங்க்குச் சாரே ஈயம்னுட்டாருன்னு சொன்னதும் எல்லாத்துக்கும் வாய் அடைஞ்சுபோச்சு."

"முட்டியா?"

"ஆமாங்க, மண் முட்டி. சின்னப் பானையாட்ட, இத்தாச்சோடு இருக்கும். மேலாக இருந்த அஞ்சைத்தான் உங்ககிட்டக் கொண்டாந்தேன். மீதி அப்படியே குளத்து மேட்டுல கெடந்துச்சுங்க. ஈயத்த வெச்சு என்ன பண்றது, கடையில போட்டா ஏதாச்சும் தருவாங்களான்னு உங்களக் கேக்கத்தான் அன்னிக்கு வந்தேன்."

"இப்போ அது எங்கே?"

சிரித்தார். "மழை புடிச்சு வேலைய நிறுத்துன அன்னிக்கு, பொம்பளைங்க எல்லாம் ஆளுக்கு ஒரு கை அள்ளித் தண்ணியில எறிஞ்சு விளையாடுனமுங்க. யாரு அக்கட்டத் தூரமா எறியறாங்கன்னு. சின்னப் புள்ளைங்களாட்ட. அத்தன நாளு அடிச்சுக்கிட்டவங்க அன்னிக்குத்தான் ஒண்ணாச் சிரிச்சோம்."

"எத்தனை இருக்கும்?"

"எண்ணுலீங்க. அரைப் படிக்கு மேல இருக்கும்."

டீ டம்ளர் கையைச் சுட்டது. நான் அதைக் கீழே வைக்கவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். சரிங்க! அவர் கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த முக்கால் மணி நேரம், பானை மேட்டில் கிடந்திருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும் கிடந்திருக்கிறது.

அக்டோபர் 18, செவ்வாய்

சட்டைப்பையில் ஐந்து காசு என்று யாராவது இந்த நோட்டைப் படித்தால் நினைத்துக்கொள்வார்கள். நான்குதான். நல்ல காசைக் கோயம்புத்தூர் போன அன்றைக்கே பஷீர் பாயிடம் கொடுத்துவிட்டேன். மோட்டார் அதில் வாங்கியது.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வண்டியில் நத்தக்காட்டுப்புதூர் போனேன். குளம் கடல் மாதிரி கிடக்கிறது. கரை நெடுக ஆட்கள். புதுத்துணி போட்ட குழந்தைகள் கல் எறிந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடம் வலிய வந்து, "பாத்தீங்களா, பொம்பளைங்க தூர் வாருன குளம். இனி மூணு வருசத்துக்குக் கெணத்துல தண்ணி வத்தாது" என்றார்.

அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்படாத ஆள் அங்கே நான் ஒருத்தன்தான்.

அக்டோபர் 28, வெள்ளி

மாலையில் வீட்டு வாசலில் பாவாயி அம்மா. நெற்றியில் காயம், மஞ்சள் அப்பியிருந்தது. ரவிக்கைத் தோளில் கிழிசல். வளர்மதிதான் உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

நடந்தது இது. எல்லோரும் எறிந்து விளையாடியபோது ருக்குமணி ஒரு காசை மட்டும் முடிந்து வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு வந்த அவள் தம்பி அதை வெள்ளிப்பட்டறையில் காட்டியிருக்கிறான். நயம் வெள்ளி என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். பாவாயியும் பேங்க் ஆளும் சேர்ந்துகொண்டு ஊரை ஏமாற்றிவிட்டார்கள், கொண்டுபோன ஐந்துக்குப் பங்கு வாங்கிவிட்டாள் என்று பேச்சு. குழாயடியில் வைத்து முடியைப் பிடித்து இழுத்து, குடத்தால் அடித்திருக்கிறார்கள். இனிமேல் அவரோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டோம் என்று பதினெட்டுப் பேரும் சொல்லிவிட்டார்களாம்.

"சாருங்க, நீங்க ஈயம்னுதானுங்களே சொன்னீங்க?"

"ஆமாங்க."

"வந்து அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லுங்க. நான் பொய் சொல்லலைன்னு. போதும்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றேன்.

அவர் போனதும் வளர்மதி என் எதிரே வந்து நின்றாள். நானே சொன்னேன். புளியிலிருந்து மோட்டார் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போய் மோட்டார் சுவிட்சை அணைத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள்.

அக்டோபர் 29, சனி

வளர்மதி இன்றும் தெருக்குழாயில்தான் பிடித்தாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. நான் இரண்டு குடம் தூக்கிக்கொடுக்கப் போனேன், விடவில்லை.

நாளைக்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. கூட்டத்தில் அவசரமாக உரைத்தேன், கறுப்பு அழுக்கு ஏமாற்றிவிட்டது, தவறிவிட்டேன் என்று சொல்லலாம். பாவாயி அம்மாவுக்கும் பழி தீரும். எனக்கும் கெட்ட பேர் அவ்வளவாக இருக்காது. மதிப்பீட்டாளன் ஒரு தடவை தவறக்கூடாதா?

வளர்மதியிடம் இதைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "அப்படிச் சொல்லிட்டு வந்தீங்கன்னா இங்க எதுக்கு வர்றீங்க?" என்றாள்.

அக்டோபர் 30, ஞாயிறு

பால் சொசைட்டி முன்னால் ஒரு முப்பது பேர் கூடியிருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். பாவாயி அம்மா ஓரமாகத் தனியாக நின்றார். ருக்குமணி என்பவள் யார் என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவள்தான் முன்னால் வந்து, "சொல்லுங்க சார், ஈயமா வெள்ளியா?" என்றாள்.

வழியெல்லாம் வேறு மாதிரி சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது, "வெள்ளிங்க. நான் அன்னிக்குச் சரியாப் பாக்கலை. தப்பு நடந்துபோச்சு" என்றுதான் வந்தது.

உடனே சளசளவென்று பேச்சு. அதற்குள் பாவாயி அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"இப்பத் தெரிஞ்சுதுல்ல? அவரு ஒண்ணும் வேணும்னு சொல்லல. நாளெல்லாம் நூறு நகையப் பாக்கற மனுசன், ஒண்ணு தவறாதா? அவரக் கூட்டியாந்து நிக்க வெச்சதே பெரிய பாவம். விடுங்கடி."

நெற்றியில் மஞ்சள் அப்பிய காயத்தோடு எனக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தார். என்னை யார் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"தவறலைங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன். "தவறலை. கோடு போட்டதுமே வெள்ளின்னு தெரியும். தெரிஞ்சுதான் ஈயம்னு சொன்னேன். எனக்கு வேணும்னு தோணுச்சு. இந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. பங்கும் இல்லை, பேச்சும் இல்லை. அவங்க என்னைத் தேடி வந்தப்பல்லாம் நான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத முடியவில்லை. சட்டையைப் பிடித்தார்கள். ஒரு ஆள் அறைந்தார். ருக்குமணி மண்ணை வாரி இறைத்தாள். "அந்தத் தண்ணிக்குள்ள போயி எடுத்துக் குடுடா" என்று ஒருத்தி கத்தினாள். என்னிடம் இருக்கிற காசைத் தாசில்தாரிடம் ஒப்படைத்து, கண்டெடுத்தவர் பாவாயி என்று எழுதி வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். எத்தனை காசு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கிளம்பும்போது பாவாயி அம்மாவைத் தேடினேன். என் பக்கத்தில் நின்றவர் அங்கே இல்லை. சொசைட்டிப் படியில், அவரை அடித்த பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒருத்தி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 1, செவ்வாய்

மேனேஜரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு, "எங்க வீட்டுக் கல்யாண நகையைக்கூட உங்க கண்ணை நம்பித்தான் சார் வாங்கினேன்" என்றார். நாளையிலிருந்து வேறு ஆள் வருவார்.

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். அந்த ஒரு காசைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று. பஷீர் பாய் எடுத்தார். "எந்தக் காசு? நீங்க யாருங்க?" என்றார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

நவம்பர் 2, புதன்

நேரிலேயே போனேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், பாய் பம்பாய் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார். நான்கு மணி வரை அந்தச் சந்தில் நடந்துகொண்டிருந்தேன்.

நான்கு காசு கொடுத்தால் என்ன? ஐந்து என்பது யாருக்கு நினைவிருக்கப் போகிறது? இத்தனை சொல்லியாயிற்று. இன்னும் எவ்வளவுதான் சொல்வது?

நவம்பர் 7, திங்கள்

தாலுகா அலுவலகத்துக்குப் பத்து மணிக்குப் போனேன். பாவாயி அம்மா முன்னாடியே வந்து மரத்தடியில் நின்றார். கும்பிட்டேன். தலையை அசைத்தார், அவ்வளவுதான்.

தாசில்தார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத வேண்டும், தொல்லியல் துறையிலிருந்து வந்து பார்ப்பார்கள், குளம் வற்றும்போது அவர்கள் மேற்பார்வையில் தேடலாம், கண்டெடுத்தவருக்குச் சட்டப்படி சேர வேண்டியது உண்டு என்றெல்லாம் சொன்னார். காசுகளை எடை போட்டார்கள். உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். ரசீது எழுதி முத்திரை குத்திப் பாவாயி அம்மா கையில் கொடுத்தார்கள். எண்ணிக்கையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அம்மா சற்றுத் தள்ளி வாசலருகே நின்றதால் மேசை அவருக்குத் தெரிந்திருக்காது.

வெளியே வந்ததும் ரசீதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"நான் படிச்சுச் சொல்லட்டுங்களா?" என்று கையை நீட்டினேன்.

"வேண்டாமுங்க."

கடுமையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ரசீதை மடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைக் கடந்து எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அங்கே யாரோ ஒரு பெண், துணிக்கடை வேலைக்குப் போகிறவள் போல, சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். முன்னே பின்னே பார்த்தறியாதவள். அவளிடம் ரசீதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

நான் இந்தப் பக்கமே நின்றேன். அந்தப் பெண் விரலை வைத்து வாசிப்பது தெரிந்தது. ஓரிடத்தில் பாவாயி அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். மறுபடி வாசிக்கச் சொன்னார். அவள் மறுபடி வாசித்தாள்.

பாவாயி அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே வலது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"வித்துட்டேன்" என்றேன். ஒரு லாரி குறுக்கே போனது. அவருக்குக் கேட்கவில்லை. கை அப்படியே விரிந்தபடி நின்றது.

ரோட்டைக் கடந்து போனேன். அருகில் நின்று சொன்னேன். "அஞ்சாவதை வித்துட்டனுங்க. கோயம்புத்தூர்ல. அதுல மோட்டார் வாங்கினேன். அன்னிக்கு எல்லாத்தையும் சொன்னேன், இதை மட்டும் சொல்லலை."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரசீதைத் திருப்பிக் கொடுத்தாள். பாவாயி அம்மா அதை நான்காக மடித்து முந்தானையில் முடிந்தார். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார்.

"வாங்க, உள்ள போலாம்" என்றார். "அதையும் எழுதட்டும்."

அவர் முன்னால் போனார். நான் பின்னாலேயே போனேன்.